கன்னிப்பெட்டியும் கிறிஸ்துமஸ் கவுனும்

தானமாகக் கொடுக்கிற கவுனுக்கு யாரும் பிள்ளையைப் பார்த்து அளவெடுப்பதில்லை. மெயின்லேண்டில் எங்கேயோ உட்கார்ந்து ஒரே துணியை மொத்தமாக வெட்டித் தைத்து, பாலிதீன் உறையில் போட்டுக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். இங்கே அந்தமானில், ஹட் பேயில் இறக்கி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கைக்கு வந்த உறையை எடுத்து நீட்டுவார்கள். சுனாமிக்கு அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் மூத்த மகளுக்குக் கிடைத்த கவுன் அவள் தோளுக்குக் கீழே இறங்கவில்லை. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கவுன் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது.

அந்தக் கவுனில் ஆரம்பித்துத்தான் என் மூத்தவளின் படிப்பு போனது. யார் கெடுத்தது என்று என் வீட்டிலேயே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் சொல்வதை நான் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பெண்கள். இளையவள் சுனாமியில் போனாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் மற்றப் பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கம் விளையாடப் போனவள். உடல் கிடைக்கவில்லை. இதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அதைக் கேட்பதற்கென்றே கப்பலேறி வந்து, கேட்டு, அழுது, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் சொல்லிச் சொல்லி அது என் வாயில் தேய்ந்துபோய்விட்டது.

வீடும் போனது. வீட்டிலிருந்த துணி, சட்டி, போட்டோ எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு பாவாடை. பொங்கலுக்கென்று இளையவளுக்கு மஞ்சள் துணியில் பச்சைக் கரை வைத்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். டெய்லர் கடை கப்பல் துறையிலிருந்து ஆறாவது கிலோமீட்டரில், மேட்டில். அங்கே தண்ணீர் ஏறவில்லை. பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிவிடலாம் என்று உள்பக்கம் இரண்டு டக் வைக்கச் சொல்லியிருந்தேன். டெய்லர் ஒரு வங்காளி. முகாமில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, பேப்பரில் சுற்றிய பாவாடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு டக்கும் சொன்னபடி வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில், திருநெல்வேலிப் பக்கம், வயதுக்கு வராமல் செத்துப்போன பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். சாமி என்றால் சாமி, பிள்ளை என்றால் பிள்ளை. பனையோலைப் பெட்டி ஒன்றில் அவளுக்குப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா எல்லாம் இருக்கும். பெட்டி வீட்டின் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் திறந்து, பொங்கல் வைத்துக் கும்பிட்டு, புதுத்துணியை உள்ளே வைப்போம். பழையதை வீட்டில் அந்த வயதில் இருக்கிற பிள்ளைக்குப் போட்டுவிடுவோம். எல்லார் வீட்டிலும் இல்லை. இருக்கிற வீட்டில் அது இல்லாமல் இருக்க முடியாது.

ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருவரிடம் என் தம்பி மூடிபோட்ட ஓலைப்பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினான். மஞ்சள் பாவாடை அதற்குள் போனது. நாங்கள் இருந்தது அரசாங்கம் போட்டுக்கொடுத்த தகர ஷெட்டில். வரிசையாக அறைகள், நடுவில் தகரத் தடுப்பு. எங்கள் அறையின் கன்னிமூலைக்கு அந்தப் பக்கம் ராஞ்சிக்காரர் வீடு. அலைக்கு முன்னாலும் அவர்தான் பக்கத்து வீடு, ஷெட்டிலும் பக்கத்து அறையே கிடைத்தது. கப்பல் அணைகிற ஜெட்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். பரம்பரைக் கிறிஸ்தவர். அவர் யேசு படம் போட்ட காலண்டரை மாட்ட அந்தப் பக்கமிருந்து ஆணி அடித்தார், அதன் முனை இந்தப் பக்கம் துருத்திக்கொண்டு வந்தது. ஆணி குத்திவிடுமே என்று மன்னிப்புக் கேட்கக் குறடோடு ஓடிவந்தார். நான் அதை எடுக்கவிடவில்லை. கன்னிக்குப் பூ மாட்ட எனக்கும் ஓர் ஆணி வேண்டியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சின்னக் கவுன் வந்தது. ரோஸ் நிறம், வலை வைத்த கை. மூத்தவள் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு, "யம்மா, இது எனக்குச் சேராது. அவளுக்குத்தான் சேரும்" என்றாள். மறுநாள் இருபத்தாறு, இளையவள் போய் ஒரு வருஷம். புதுத்துணி வாங்கக் கடையும் இல்லை, கையில் காசும் இல்லை. கவுனைப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டோம். எந்தச் சாமி பேரைச் சொல்லிக் கொடுத்தால் என்ன, பிள்ளை அளவில் வந்த துணி பிள்ளைக்கு. அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

வந்தவர்களை எல்லாம் திருடர்கள் என்று எழுத நான் உட்காரவில்லை. அந்த முதல் வருஷம் சுடச்சுடப் பிரியாணி போட்டார்கள். பிள்ளைகளைப் பாடவைத்தார்கள், ஆடவைத்தார்கள். ஒரு வருஷமாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்த பிள்ளைகள் கைதட்டிச் சிரித்ததை நான் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் என்றார்கள், கண்ணை மூடிக்கொண்டோம். கண்ணை மூடினால் என்ன குறைந்துவிடப்போகிறது. ஆனால் கவுன் கொடுக்கும்போது பிள்ளை உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நிற்க வேண்டும், பின்னால் பேனர் தெரிய வேண்டும், ஒருவர் போட்டோ எடுப்பார். சிரிக்காத பிள்ளையைத் திரும்ப வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததையும் விழுங்கிக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் அதே கூட்டத்துக்குத் தலைவியாக ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே வந்து ஷெட் ஷெட்டாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். என் மூத்தவள் தமிழிலும் பாடுவாள், ஹிந்தியிலும் பாடுவாள். வசனத்தை ஒரு தடவை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடுவாள். அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

அவர்களுக்குப் போர்ட் பிளேரில் ஒரு விடுதி இருந்தது. அங்கே தங்கி நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். ஏப்ரலில் பள்ளி திறப்பதற்குள் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்துத் தயார்படுத்துவார்கள், அதனால் கிறிஸ்துமஸ் முடிந்து போகும்போதே உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். எங்கள் பள்ளிக்கூடமும் அப்போது ஒரு தகர ஷெட்தான். மழை பெய்தால் வாத்தியார் வாயசைப்பது மட்டும் தெரியும். கணக்கு வாத்தியார் சுனாமிக்குப் பிறகு லீவில் மெயின்லேண்ட் போனவர் திரும்பவே இல்லை. என் மகளுக்கு ரேடியோ ஆபீஸில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. கப்பல் எங்கே வருகிறது, கடல் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து சொல்கிற வேலை. எதற்கு அந்த வேலை என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை. விடுதி விஷயம் தெரிந்த அன்றே தகரப் பெட்டியைத் துடைத்துத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில், கவுன் அளவு கேட்டபோது, "எனக்கு ஒண்ணு, தங்கச்சிக்குச் சின்னதா ஒண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். தங்கச்சியை ஏன் பாட்டுக்குக் கூட்டிவரவில்லை என்று அக்கா கேட்டிருக்கிறாள். இவள் முழித்திருக்கிறாள். சரி, நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று அக்கா வந்தாள்.

வாசலில் நின்று அவள், "எம்மா, இருக்கீயளா" என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து ஹிந்தியையும், ஆளுக்கு ஓர் ஊர்த் தமிழையும் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. என் ஊர்ப் பேச்சு என் வாசலில் நின்றது. ஊர் விசாரித்தால் எங்கள் ஊருக்கு நாலாவது பஸ் ஸ்டாப். அவளுக்கு எங்கள் ஊர்க் குளம் தெரியும். குளத்தங்கரை இட்லிக் கடைக்காரி தெரியும்.

"அவ இன்னும் சாம்பாருல தண்ணியத்தான் ஊத்துதாளா" என்றேன்.

"தண்ணிக்குள்ள சாம்பார ஊத்துதா" என்றாள்.

சுனாமிக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி டீ குடித்துவிட்டு, "சின்னவள எங்க. கூப்பிடுங்க, கவுனு அளவு பாக்கணும்லா" என்றாள்.

மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான் மூலையைக் காட்டினேன். "அங்கன இருக்கா" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். டெல்லிக்காரர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், எல்லாரும் அழகான கூடை என்றுதான் சொன்னார்கள். இவள் கேட்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"கன்னிப்பெட்டி."

"ஆமாக்கா. ஒங்க பக்கமும் உண்டுமே."

"எங்க குடும்பப் பெட்டி பெரியப்பா வீட்டுலதான் இருந்துச்சு. எங்க குடும்பம் ரட்சிக்கப்பட்ட அன்னைக்கு ஆத்துல கொண்டுபோய் விட்டாங்க. எனக்கு எட்டு வயசு. கரையில நின்னு பாத்தேன்."

"பெட்டியில யாரு?"

"எனக்கு நேர் மூத்தவ" என்றாள். சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "போன வருஷம் நாங்க குடுத்த கவுனு எங்க?"

நம்ம ஊர்க்காரிதானே என்ற நம்பிக்கையில் பெட்டியைத் திறந்து காட்டினேன். மஞ்சள் பாவாடைக்கு மேல் ரோஸ் கவுன், அதற்கு மேல் காய்ந்த பூ. அவள் தொடவில்லை.

"யேசப்பா பேரச் சொல்லிக் குடுத்ததப் பேய்க்குப் படைச்சிருக்கீங்க" என்றாள்.

"பேயின்னு சொல்லாதீங்க. பிள்ள."

"நீங்க பிள்ளன்னு நெனைக்கீங்க. அது ஒங்க பிள்ள மாதிரி வந்து உக்காந்திருக்கு. இத வச்சிக்கிட்டு மூத்தவள நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன். விடுதியில எனக்கு இன்னும் எத்தன பிள்ளைய இருக்கு. நான் ஞானஸ்நானம் கேக்கல. சபைக்கு வாங்கன்னு கேக்கல. இந்தக் கட்ட மட்டும் அறுத்துருங்க. பெட்டிய என்ட்ட குடுங்க, பிள்ள படிக்கட்டும்."

மீதி டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

இதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. ஊர் தெரியாதவன் கேட்டிருந்தால் தெரியாமல் கேட்கிறான் என்று விட்டிருப்பேன். இவளுக்கு எல்லாம் தெரியும். பெட்டிக்குள் என்னென்ன இருக்கும், வருஷத்தில் என்றைக்குத் திறப்போம், எந்த மூலையில் வைப்போம் என்று ஒன்று விடாமல் தெரியும். தெரிந்துதான் சரியாக அங்கே கை வைத்தாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் லாரியை நிறுத்திவிட்டு வந்தார். சுனாமிக்கு முன்னால் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். தோட்டத்தில் வேலை படுத்துவிட்டதால், அப்போது காண்ட்ராக்டரிடம் இடிந்த வீட்டுக் கல்லும் மண்ணும் அள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"குடுத்துரு" என்றார்.

"என்னத்தக் குடுக்க. நம்ம பிள்ளயவா?"

"ஏளா, இருக்கவளுக்குப் படிப்பு கெடைக்குது. போனவ ஒன்ட்ட வந்து துணி கேட்டாளா?"

"கேட்டா."

"என்ட்ட கேக்கல" என்றார். சட்டையைக் கழற்றிக் கயிற்றில் போட்டுவிட்டு, "என்ட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கா" என்றார்.

மூத்தவள்தான் முடித்துவைத்தாள். தகரப் பெட்டியை மடியில் வைத்தபடி, "குடுத்துரும்மா. நான் படிச்சு வேலைக்குப் போயி அவளுக்கு வேற பெட்டி, வேற பாவாட எல்லாம் வாங்குதேன். அவ கோச்சுக்க மாட்டா. என் தங்கச்சிதான" என்றாள். அவள் சும்மா சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று நிகழ்ச்சி நடந்தது. சிவப்பு உடுப்பும் பஞ்சுத் தாடியும் ஒட்டிக்கொண்டு ஒரு பையன் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்தான். அந்தத் தகரச் சூட்டில் தாடி வியர்வையில் ஊறிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. பிள்ளைகள் அதைப் பிடித்திழுக்க, அவனும் சிரித்துக்கொண்டே ஓடினான். என் மூத்தவள் மேடையில் நின்று வசனம் ஒப்பித்தாள். கவுனோடு போட்டோ எடுத்தார்கள். அவள் முதல் தடவையிலேயே சிரித்துவிட்டாள்.

ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுப் பெட்டியை அக்காவிடம் கொடுத்தேன். மேடைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை, பத்துப் பேர் முன்னால் என்னைக் கேவலப்படுத்தவில்லை. அந்த மட்டும் நல்லது.

"எரிக்கக் கூடாது" என்றேன்.

"எரிக்க மாட்டேன். மரியாதையாத்தான் செய்வேன். என் வாக்கு. நீங்களும் வாக்கு மாறக் கூடாது. திரும்பக் கேட்டீங்கன்னா பிள்ள என்கூட வர முடியாது."

சரி என்றேன். தன்னோடு கொண்டுபோய் எங்காவது மூலையில் போட்டுவைப்பாள், இல்லையென்றால் மரத்தடியில் புதைப்பாள் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கிற மூளை எனக்கில்லை. அந்தப் பெட்டி ஆற்றில் போனது என்று அவள் வீட்டுக் கதையைச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. இங்கே ஆறு எங்கே இருக்கிறது?

மறுநாள் காலையில் கப்பல். இருபத்தாறாம் தேதி. அந்தக் கூட்டத்துக்கு அது ஊருக்குப் போகிற நாள், அவ்வளவுதான். மகள் ஏறிவிட்டாள். புதுக் கவுன் போட்டு, தகரப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு மேல்தட்டுக் கம்பியோரம் நின்றாள். நானும் வீட்டுக்காரரும் ஜெட்டியில் நின்றோம். ராஞ்சிக்காரர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் என் மகளைப் பார்த்து, "கலெக்டர் மேடம்" என்று சலாம் வைத்தார். அவள் சிரித்தாள்.

அக்கா எங்களைத் தாண்டி ஜெட்டியின் ஓரத்துக்குப் போனாள். சேலை முந்தானைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தாள். கண்ணை மூடி ஏதோ சொன்னாள். படகு கட்டுகிற படியில் இரண்டு படி இறங்கிக் குனிந்து, இரண்டு கையாலும் பெட்டியைத் தண்ணீரில் வைத்தாள். வீசவில்லை. வைத்தாள். அவள் பெரியப்பா வீட்டில் எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்திருப்பாள். உண்மையிலேயே மரியாதையாகத்தான் செய்தாள். ஆற்றங்கரையில் நின்று பார்த்தவளுக்குத் தண்ணீரில் விடுவதுதான் மரியாதை. எந்தத் தண்ணீர், எந்த நாள், யாருடைய பிள்ளை என்று அவள் யோசிக்கவில்லை. கடல் எங்களுக்கு விட்டுவைத்தது ஒரே ஒரு பாவாடை. அதையும் அதன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரியாது. மூட்டையைப் போட்டுவிட்டு ராஞ்சிக்காரர் திரும்பினார். நான் தண்ணீரைக் காட்டினேன். மூலைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷம் தூங்கியவர், அது என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓலைப்பெட்டி முழுகவில்லை. பிளாஸ்டிக் பாட்டில்களோடு சேர்ந்து ஆடி ஆடிக் கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவிலுள்ள சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கயிறு இழுக்கிற கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு அவர் ஜெட்டி விளிம்பில் குப்புறப் படுத்தார். இரண்டு கூலிக்காரர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டைக்குள்ளிருந்து சிலுவை வெளியே விழுந்து தொங்கியது. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை மூடியில் கட்டியிருந்த ரிப்பனில் கொக்கி மாட்டியது.

அக்கா படியேறி வந்தாள். ராஞ்சிக்காரரைப் பார்த்து, "ஆப் தோ மசீஹி ஹை, பையா. ஏ பாப் ஹை" என்றாள். நீங்கள் கிறிஸ்தவர் அல்லவா, இது பாவமாயிற்றே என்று.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஹாங், தீதி. பச்சீ ஹமாரே கர் மே கேக் காத்தீ தீ" என்றார். ஆமாம், அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் கேக் சாப்பிடும் என்று. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கப் போய்விட்டார். நான் வாழ்நாளில் கேட்ட பிரசங்கங்களில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

பெட்டியிலிருந்து தண்ணீர் என் சேலையில் வழிந்தது. அக்கா என் முன்னால் வந்து நின்றாள்.

"வாக்குக் குடுத்தீங்க" என்றாள்.

"கடல்ல விடுவீங்கன்னு சொல்லலியே."

"எரிக்கக் கூடாதுன்னீங்க. எரிக்கல."

"என்னைக்கு விட்டீங்க, எங்க விட்டீங்கன்னு பாருங்க" என்றேன்.

அவள் கடலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முகம் ஒரு நொடி மாறியது. எட்டு வயதில் அவள் ஆற்றங்கரையில் எப்படி நின்றிருப்பாள் என்று அந்த ஒரு நொடியில் நான் பார்த்தேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் பெட்டியை நானே அவள் கையில் திருப்பிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

"பிள்ள கப்பல்ல நிக்கி" என்றாள். "நீங்களே ஒங்க கையால விட்டுருங்க. வேற வழி இல்ல."

நான் மேலே பார்த்தேன். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். பெட்டியைக் கொடுத்துவிடு என்று சொன்ன மனுஷன்தான். சொட்டுகிற பெட்டிக்கு அடியில் தன் தோள் துண்டை விரித்துப் பிடித்தார்.

"முடியாது" என்றேன்.

அக்கா கப்பலில் ஏறினாள். போனவள் என் மகளின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள். தகரப் பெட்டியை அவளே தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்தாள். முரட்டுத்தனம் எதுவுமில்லை. பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபம்கூடப் பண்ணினாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவள். இந்த மாதிரி வாக்குக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிற உலகத்தில் வாக்கு மாறுகிறவர்களே மேல்.

கப்பல் போனது. மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் கவுனைக் கழற்றி மடித்து உறையில் போட்டு வைத்தாள். தகரப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துப் பழையபடி கயிற்றில் போட்டாள். நான் பாவாடையை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காயப்போட்டேன். அன்று மாலை பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். அவளும் வந்து உட்கார்ந்து கும்பிட்டாள்.

அந்த அக்கா பிறகு வரவில்லை. வேறு வேறு ஆட்கள் வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். வேறு விடுதிக்கு நாங்களும் அலைந்து பார்த்தோம், ஆளும் தெரியாது, வழியும் தெரியாது. மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலாகிப் போனாள். திரும்ப எழுதினாள், திரும்பப் போனாள். கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் கணக்கில் போகாமல் என்ன செய்வாள். பத்தொன்பது வயதில் கல்யாணம் பண்ணிவைத்தோம். இப்போது ஜெட்டிக்குப் போகிற வழியில் ஒரு ரீசார்ஜ் கடையில் நாள் முழுக்க உட்காருகிறாள். கப்பல் என்றைக்கு வரும் என்று கடைக்கு வருகிறவர்கள் அவளிடம் கேட்பார்கள். தெரியாது என்பாள்.

ஜெட்டியில் நடந்த அந்தக் காலையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் விளக்கம் சொன்னதில்லை. தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் திரும்பத் தண்ணீரில் போட எந்தத் தாய்க்குக் கை வரும்? இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். அவளிடம் மட்டும் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு இருபத்தாறாம் தேதியும் வருவாள், பெட்டிக்கு ரிப்பன் கட்டுவாள், போய்விடுவாள்.

கடைசியாகப் பெட்டியைத் திறந்தபோது அவள் மகளுக்கு ஆறு வயது. முதல் நாள் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் போய் ஒரு கவுன் வாங்கி வந்திருந்தது. அதுவும் அளவு சேரவில்லை, தொளதொளவென்று முழங்காலுக்குக் கீழே கிடந்தது. பெட்டியைத் திறந்ததும் அந்தக் குட்டி எட்டிப் பார்த்தது. வருஷா வருஷம் வைக்கிற துணிகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் பாவாடை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. உப்புத் தண்ணீர் தின்ற இடத்தில் மட்டும் மஞ்சள் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருக்கும்.

"ஏ மேரா ஹை?" என்றது குட்டி. அதற்கு ஹிந்திதான் முதலில் வரும். இது எனக்கா என்று கேட்டது.

"இல்லட்டி. அது சித்திக்கு. வேற தாரேன்" என்றேன்.

மகள் ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "குடும்மா. போட்டுப் பாக்கட்டும்" என்றாள்.

"அது சின்னவ பாவாட."

"தெரியும். அதுக்காகத்தான நான் கப்பல்லருந்து எறங்குனேன். எம்பிள்ளையாவது போடட்டும்."

சத்தம் கூட்டிச் சொல்லவில்லை. கடையில் யாருக்கோ ரீசார்ஜ் ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் பாவாடையை எடுத்துக் கொடுத்தேன். குட்டி அதைக் கட்டிக்கொண்டு நின்றது. உயரமான பிள்ளை, பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. மகள் அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். இரண்டு டக்கும் டெய்லர் தைத்தபடியே இருந்தன. கீழ் டக்கின் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.